பொரிப்பதா, வாங்குவதா? ஆக்சலாட்டல் இயலில் ஒரு தீராச் சிக்கல்

ஆக்சலாட்டல் வளர்க்க ஆசைப்பட்டவர் முட்டையாகக் கொண்டுவந்து பொரிப்பதா, வளர்ந்ததை விலைக்கு வாங்குவதா என்ற வினாவை அறிஞர் உலகம் இதுவரை தகுந்த மரியாதையோடு அணுகவில்லை. அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை எழுந்தது.

ஆய்வுப்பொருள், மெக்சிகோ நகரின் தெற்கே உள்ள சோச்சிமில்கோ கால்வாய்களைத் தாயகமாகக் கொண்ட சாலமாண்டர். தலையின் இருபுறமும் சாமரம் வீசுவதுபோல் செவுள்கள். முகத்தில் கல்யாண வீட்டு வாசலில் நிற்பவரின் புன்னகை. அதன் உறவினர் பலர் வளர்ந்ததும் செவுளைத் துறந்து கரையேறிவிட, இதுவோ லார்வாப் பருவத்திலேயே நின்று, அந்தக் கோலத்திலேயே பிள்ளையும் பெற்றுக்கொள்கிறது.

பொரிப்போர் கட்சியின் தலையாய வாதம், குஞ்சிலிருந்து வளர்த்தால்தான் பாசம் ஒட்டும் என்பது. மாட்டுக்கும் நாய்க்கும் பொருந்தலாம். இங்கே செல்லாது. ஐந்து வயது ஆக்சலாட்டலை வாங்கிவந்தாலும் நீங்கள் தூக்கிவருவது குழந்தையைத்தான். பத்துப் பதினைந்து வருடம் வாழ்ந்தாலும் அது பெரும்பாலும் குழந்தையாகவே கண்மூடும்.

ஆனாலும் முட்டை அழகுதான், மறுப்பதற்கில்லை. வெந்த ஜவ்வரிசிக்குள் ஒரு கடுகு. சில நாளில் கடுகு நீண்டு கால்புள்ளியாகும். பிறகு கால்புள்ளி துடிக்கும். இரண்டு மூன்று வாரத்தில் வெளிவரும் ஒரு சென்டிமீட்டர் ஜீவனுக்குக் காலும் இல்லை, பொறுமையும் இல்லை. அசைகிற தீனியைத்தான் கவ்வும். ஆகவே ஆர்ட்டிமியா என்னும் நுண்ணிறாலின் முட்டையை உப்புநீரில் போட்டு, காற்றுக்குமிழ் விட்டு, ஒருநாள் காத்திருந்து பொரித்து, உப்புப் போக அலசி ஊட்ட வேண்டும். தின்றதும் கண்ணாடித் தோல் வழியே வயிறு ஆரஞ்சு நிறத்தில் தெரியும். அதற்காகவே இன்னும் ஒரு வேளை ஊட்டத் தோன்றும். ஆக, ஒன்றைப் பொரிக்க முனைந்தவர் தினமும் இன்னொன்றைப் பொரிக்கிறார். தருக்க நூலார் இதை அனவஸ்தை, அதாவது முடிவின்றி நீளும் தொடர், என்ற குற்றத்தில் அடக்குவர்.

கூட்டுக்குடும்பமும் சரிப்படாது. பசித்தால் தம்பி அண்ணனின் காலைக் கடிப்பான். கால் மறுபடி முளைத்துவிடும் என்பதால் பஞ்சாயத்து கூட்டவும் வழியில்லை.

வாங்குவோர் கட்சிக்கு நம் மாட்டுச்சந்தை மரபு பாதிதான் கைகொடுக்கும். சுழி பார்க்க முடியாது. பல்லைப் பிடித்துப் பார்த்துப் பயனில்லை. செவுள் செழித்திருக்கிறதா, விரல்கள் சரியாக உள்ளனவா, மண்புழுவைக் கண்டதும் பாய்கிறதா என்று பார்க்கலாம். ஒரு கால் குறைந்ததைப் பேரம் பேசி மலிவாக வாங்கியபின் கால் முளைத்துவிட்டால், மிச்சப்பணத்தைக் கொடுக்க வேண்டுமா என்பது தனி ஆய்வுக்குரியது. கலிபோர்னியாவில் இரு கட்சிக்கும் டெபாசிட் போயிற்று: வளர்ப்பதே சட்டவிரோதம்.

வரலாறு என்ன சொல்கிறது? 1864-இல் மெக்சிகோவிலிருந்து 34 ஆக்சலாட்டல்கள் பாரிஸ் வந்தன. ஓகுஸ்த் துமெரில் என்ற விலங்கியலாளர் கைக்கு ஆறு கிடைத்தன: ஐந்து ஆண், ஒரு பெண். அவர் வாங்குவோர் கட்சியா, பொரிப்போர் கட்சியா என்று யாரும் கேட்கவில்லை. 1865-இல் அந்த ஒற்றைப் பெண்ணே முட்டையிட்டுக் கட்சியை மாற்றிவிட்டது. பிறந்தவற்றில் சில செவுளை இழந்து தரைவாழ் சாலமாண்டராகவும் மாறி, மனிதரைத் திகைக்க வைத்தன.

இன்றும் அதே கதைதான். தனியாக இருந்தால் ஏங்கிப்போகுமே என்று இரண்டாக வாங்குகிறார்கள். வயது ஒன்றை நெருங்கும்வரை ஆணா பெண்ணா என்று அறுதியிட்டுச் சொல்வது கடினம். ஒருநாள் காலை விளக்கைப் போட்டால் தொட்டிச் செடியின் இலைதோறும் ஜவ்வரிசி, நூற்றுக்கணக்கில். வாங்குவோர் கட்சித் தலைவர் அன்று மத்தியானமே ஆர்ட்டிமியா எங்கே கிடைக்கும் என்று விசாரிக்கிறார்.