பிழையா, கைவேலையா?

ஐந்து ரூபாய் நாணயம் ஒன்று செம்பு நிறத்தில் இருக்கிறது. வேறு உலோகத்தில் தவறி அச்சானது என்று இரண்டாயிரம் சொல்கிறார்கள். வாங்கலாமா சார்?
– பேருந்து நடத்துனர், தேனி

வாங்காதீர்கள். 2009 முதல் வரும் ஐந்து ரூபாய் நாணயம் நிக்கல் பித்தளை. அமிலம் பட்டாலோ ஈரமண்ணில் நெடுநாள் கிடந்தாலோ, பித்தளையிலுள்ள துத்தநாகம் முதலில் அரித்துப் போகும். மேற்பரப்பில் செம்பு மட்டும் மிஞ்சிச் சிவக்கும். நகைக்கடைத் தராசில் வையுங்கள். 6 கிராமை (2019 முதல் வந்த புதிய தொடரானால் 6.74 கிராமை) ஒட்டி நின்றால் அது வழக்கமான வில்லைதான் (அச்சடிக்கும் உலோக வட்டு), நிறம் மட்டும் பிறகு வந்தது.

பத்து ரூபாய் நாணயத்தில் ‘இந்தியா’ என்ற எழுத்து நேராக இருக்க, நடுவிலுள்ள சிங்கம் மட்டும் சாய்ந்து நிற்கிறது. அபூர்வமா?
– கல்லூரி மாணவி, கும்பகோணம்

இல்லை அம்மா. ஏன் என்பதைத் தெரிந்துகொண்டால் இனி யாரும் உங்களை ஏமாற்ற முடியாது.

பத்து ரூபாய் நாணயத்தின் வெளி வளையமும் நடுவிலுள்ள வில்லையும் (நடுவில்லை) தனித்தனியாகத்தான் அச்சு எந்திரத்துக்குள் போகின்றன. ஒரே அடியில் இரண்டும் பூட்டிக்கொள்கின்றன. அதே அடியில்தான் சிங்கமும் எழுத்தும் பதிகின்றன. ஒரே அச்சில் இரண்டும் செதுக்கப்பட்டிருக்கும்போது ஒன்று மட்டும் எப்படித் திரும்பும்? யாரோ நடுவில்லையைத் தட்டிக் கழற்றி, மறுபடி அடித்துச் சொருகியிருக்கிறார்கள். பொருத்தின இடத்தை லென்ஸில் பாருங்கள், சுத்தியலின் தடம் தெரியும்.

உண்மையான பிழை வேறு மாதிரி. நடுவில்லை சரியாக உட்காராமல் வளையத்தின்மேல் ஏறி நின்ற நிலையிலேயே அடி வாங்கும். அப்போது வில்லை விலகியிருக்குமே தவிர, அதன்மேல் பதிந்த உருவம் விலகாது. கோடுகள் வளையத்தையும் வில்லையையும் தாண்டி ஒழுங்காக ஓடும்.

இன்னொன்றும் பாருங்கள். நம் நாணயத்தைப் புத்தகத் தாளைப் போலப் புரட்டினால் பின்பக்கமும் நேராக நிற்க வேண்டும். அது சாய்ந்தோ தலைகீழாகவோ வந்தால் அச்சு திரும்பியிருந்தது என்று பொருள். அது அசல் பிழை, எடுத்து வையுங்கள்.

ஒரு நாணயத்தின் ஒரு பக்கம் எழுத்துகள் குழியாக, இடவலம் மாறித் தெரிகின்றன. அசலா?
– மளிகைக் கடைக்காரர், உடுமலை

இருக்கலாம். அச்சடித்த நாணயம் வெளியே விழாமல் ஓர் அச்சிலேயே ஒட்டிக்கொண்டால், அடுத்த வில்லை அதன்மேல் அடிபடும். சேகரிப்பவர்கள் இதை பிராக்கேஜ் என்பார்கள். அதில் இரு பக்கமும் ஒரே உருவம் இருக்கும்: ஒன்று மேடாக நேராக, மற்றது குழியாக எதிராக. பட்டறை வைஸில் இரண்டு காசுகளைச் சேர்த்து நெரித்தாலும் குழி விழும். ஆனால் குழிக்கு அடியில் நசுங்கிய பழைய எழுத்தின் தடம் கிடக்கும். அது கண்ணில் பட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஓரத்தில் பிறை வடிவில் வெட்டுப்பட்ட ஒரு ரூபாய் கிடைத்தது. அரத்தால் அராவியதா என்று எப்படி அறிவது?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், சிவகாசி

வெட்டைப் பார்க்காதீர்கள், ஐயா. அதற்கு நேர் எதிர் ஓரத்தைப் பாருங்கள். தகட்டிலிருந்து வில்லை வெட்டும்போது, தகடு போதுமான அளவு நகராவிட்டால் முந்தைய ஓட்டையின்மேல் வெட்டு விழுந்து பிறை உண்டாகும். பிறகு வில்லையை உருட்டி விளிம்பு எழுப்புவார்கள். ஒரு பக்கம் பிடிமானம் இல்லாததால் எதிர்ப்பக்க விளிம்பும் சரியாக எழும்பாது, மங்கித் தெரியும். அரம் பிடித்தவரால் இந்த மங்கலைக் கொண்டுவர முடியாது. எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது; பணமே செலவில்லை.

வைஷ்ணோ தேவி படமுள்ள நாணயத்துக்கு லட்சக்கணக்கில் தருவதாகச் சொல்லி, முன்பணம் கேட்கிறார்கள்.
– இல்லத்தரசி, ஆவடி

ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். 2012 என்று ஆண்டு பொறித்த அந்த நினைவு நாணயம் பிழையும் அல்ல, அபூர்வமும் அல்ல. பழைய நோட்டு, நாணய விற்பனைக்குத் தன் பெயரில் கட்டணமோ கமிஷனோ வசூலிக்க யாருக்கும் அனுமதி தரவில்லை என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்தவர்களைக் குறிவைக்கும் இந்தத் திருட்டைப் பற்றி அக்கம்பக்கத்திலும் சொல்லுங்கள், அம்மா.

பிழை நாணயத்தைப் புளி போட்டுத் தேய்க்கலாமா?
– பள்ளி மாணவர், பரமக்குடி

கூடாது தம்பி. அச்சு விழுந்தபோது உலோகம் பரவிய மினுப்பு தேய்த்தால் போய்விடும். அசல் என்று காட்ட இருக்கும் சாட்சிகளில் அதுவும் ஒன்று. ஓரத்தைப் பிடித்து எடுத்து, பிவிசி கலக்காத உறையில் போட்டு வை.