திப்பிக்கு இருக்கும் மரியாதை

குப்பையில்லாமல் வாழ்வது என்று முடிவெடுத்த மாதத்தில்தான் எங்கள் வீட்டுக்கு அதிகமான சாமான் வந்தது. உரத்தொட்டி, அதில் தூவ நுண்ணுயிர்ப் பொடி, மூங்கில் பிரஷ், காய்கறிக்கு வலைப்பை, வலைப்பைகளைப் போட்டு வைக்க ஒரு துணிப்பை. எல்லாம் குமிழ் குமிழான பிளாஸ்டிக் தாளில் பொதிந்து, அட்டைப்பெட்டிக்குள் அட்டைப்பெட்டியாகச் சேலம் வந்து சேர்ந்தன. பெட்டிகளை எங்கே போடுவது என்று நான் முழித்தபோது மனைவி எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போடவாவது வழி கிடைத்திருக்கும்.

ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. 2021 டிசம்பர் 23-ல் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தை அரசு தொடங்கியது. எனக்கு ‘மீண்டும்’ தேவைப்படவில்லை. கல்யாணத் தாம்பூலப் பைகள் எங்கள் பீரோவில் ஒரு தட்டு நிறைய உண்டு. அதில் பெயர் அச்சான ஜோடிகளில் சிலர் பிரிந்தே போய்விட்டார்கள், பை மட்டும் கிழியவில்லை. சிக்கல் என்னவென்றால், நான் உழவர் சந்தைக்குப் போகும்போது பை பீரோவில் இருக்கும். அங்கேயே புதிதாக ஒன்று வாங்கிக்கொள்வேன். துணிதானே!

ஓட்டலுக்குத் தூக்குப்போசி எடுத்துப்போனதையும் சொல்லிவிடுகிறேன். பார்சல் கட்டுபவர் சாம்பாரை வழக்கம்போல் கவரில் ஊற்றி, ரப்பர் பேண்ட் சுற்றி, கவரோடு போசிக்குள் பதமாக இறக்கினார். “இனி சிந்தாதுங்க சார்” என்றார். எனக்கும் அது நியாயமாகப் பட்டதுதான் வெட்கக்கேடு.

இந்த நிலைமையில்தான் ஜே.சி. குமரப்பாவைப் படித்தேன். 1892-ல் தஞ்சாவூரில் பிறந்தவர். கணக்குத் தணிக்கைத் தொழிலை விட்டு காந்தியோடு போனவர். அவர் சிறையில் எழுதிய ‘எகானமி ஆஃப் பெர்மனன்ஸ்’ நூல் 1945-ல் வந்தது. பொருளாதாரங்களை ஐந்து படியாக வைக்கிறார். எதையும் விளைவிக்காமல் மாந்தோப்பில் புகுந்து பழம் தின்னும் குரங்குக்குக் கீழ்ப்படியில் ஓர் இடம், கூட்டுக்காகத் தேன் சேர்க்கும் தேனீக்கு மேலே ஓர் இடம். மாம்பழ ஊர்க்காரனுக்கு விளக்கவுரை தேவையில்லை. நான் எந்தப் படி என்று பார்த்தேன். குரங்காவது பழத்தை அட்டைப்பெட்டியில் வரவழைப்பதில்லை.

தேனீயாகும் ஆசையில் ராசிபுரம் பக்கம் ஒரு சேகோ ஆலைக்குக் கோணிப்பையோடு போனேன். குச்சிக்கிழங்கைக் கழுவி, தோல் நீக்கி, அரைத்துப் பாலை வடித்தால் மாவு தொட்டியில் படியும், அதுதான் ஜவ்வரிசியாகிறது. மிஞ்சும் சக்கை திப்பி. அவர்களுக்குத் தொல்லை குறையும், என் உரத்தொட்டிக்கும் தீனி கிடைக்கும் என்பது கணக்கு. “கழிவு கொஞ்சம் எடுத்துக்கலாமா?” என்றேன், உபகாரம் செய்கிற தோரணையில்.

“ஏனுங்க, அது எங்கீங்க கழிவு? காய வெச்சா மாட்டுத் தீவனத்துக்கு மூட்டை மூட்டையா விலைக்குப் போகுதுங்க. உங்களுக்கு எத்தனை மூட்டை வேணும்?”

அப்படியானால் மாவு படிந்தபின் தொட்டியில் மிஞ்சும் அந்தப் புளித்த தண்ணீர்? “அதுல கேஸ் எடுக்கறோமுங்க.” ஆலைத் தண்ணீரால் கிணறு கெட்ட ஊர்கள் இந்தப் பக்கம் உண்டு, அதை மறைத்து எழுத முடியாது. அந்தத் தண்ணீரை மூடித் தேக்கி எரிவாயு எடுக்கும் வழக்கம் பிற்பாடு வந்ததுதான். ஆனால் சேர்ந்து பிழைக்கும் வித்தை இவர்களுக்குப் பழையது. வியாபாரிகள் சொன்ன விலைக்கே விற்க வேண்டியிருந்த ஆலைக்காரர்கள் 1981-லேயே சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கத்தை அமைத்துக்கொண்டார்கள். இங்கே ஒவ்வொரு மிச்சத்துக்கும் மறுமுனையில் ஒருவர் கையில் காசோடு நிற்கிறார். என் உரத்தொட்டியின் மறுமுனையில் நான் மட்டும் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தேன்.

திப்பி போனால் கோழி எரு என்று நாமக்கல் பக்கம் திரும்பினேன். பண்ணை எருவுக்குத் தோட்டக்காரர்களிடம் எப்போதும் கிராக்கி. அதையும் காசு கொடுத்தே வாங்கினேன். மட்கவிட்டுப் போட வேண்டும் என்றார்கள். அவசரக்காரன், அன்றைக்கே மாடித் தக்காளிக்குத் தாராளமாகப் போட்டேன். பச்சை எருவின் காரத்தில் செடிகள் கருகின. தெருவின் ஈக்கள் மாடிக்கு வந்தன. கீழ்வீட்டுப் பெரியம்மா படியேறி வந்து, “நாமக்கல்லுக்கே குடிவந்துட்டோமோன்னு பாத்தேன் தம்பி” என்றார்.

பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கும் அம்மா ஒருவர் எங்கள் தெருவுக்கு வருவார். மாற்றுப் பொருளாதாரம் தலையில் கூடையோடு வாசலுக்கே வருகிறதே என்று ஓடினேன். என் பேன்ட்டுகளை விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்து ஒதுக்கினார். தாம்பூலப் பைகளைத் தொடவேயில்லை, “பேரு போட்டது போவாதுங்க.” அப்புறம் அவர் பார்வை திண்ணையோரம் போனது.

“அது என்னங்க டிரம்மு?”

உரத்தொட்டியின் தத்துவத்தை நான் ஆரம்பிப்பதற்குள் மனைவி பேரத்தை ஆரம்பித்துவிட்டாள். ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் வந்து நின்றது. கரண்டி ஒன்றும் சேர்த்துக் கேட்டாள். கிடைத்தது.