திருஷ்டி படாத பட்டறை

முதலாளி அய்யாவைப் போலக் கண்ணின் அருமை தெரிந்தவர் கோவை கணபதி வட்டாரத்தில் வேறு யார்? பட்டறை வாசலில் திருஷ்டி பொம்மை, வெள்ளிதோறும் புது எலுமிச்சம்பழம், அமாவாசைக்கு அமாவாசை பூசணிக்காய். ஊரார் கண் தன் கிரைண்டர் மேல் பட்டுவிடக் கூடாதே என்று அவர் படும் கவலை கொஞ்சமல்ல. கிரைண்டர் யார் கண்ணில் படுகிறது என்பது அவர் இலாகா இல்லை.

அந்த நாலு இஞ்ச் மெஷின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 11,000 சுற்று சுற்றும். வீலின் விளிம்பு வேகம் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டும். மூலையில் நுழைய மாட்டேனென்கிறது என்று வீலை மூடும் கார்டைக் கழற்றி எறிந்தவர் அய்யாதான். வேலை எவ்வளவு சுறுசுறுப்பாக நடக்கிறது! பொறி நேரே முகத்துக்கு வந்தால், அதற்கும் ஏற்பாடு உண்டு: "கண்ணைச் சுருக்கிக்கடா." செலவில்லாத உபகரணம், தேயவும் தேயாது.

வெல்டிங்கில் இன்னும் தாராளம். டேக் ஒட்டு வைக்க ஷீல்டு பிடித்தால் ஒரு கை வீண் அல்லவா? ஒரு கையில் ஹோல்டர், மறு கையில் ஆங்கிள், முகத்தை அப்படித் திருப்பிக்கொண்டு ஒரு தட்டு. புற ஊதாக் கதிரும் அய்யாவிடம் விசுவாசமானது. ஷிப்டு முடியும்வரை பொறுத்திருந்து, பல மணி நேரம் கழித்து, நடுராத்திரியில்தான் கண்ணில் மணலைக் கொட்டும். உருளைக்கிழங்கை நறுக்கி இமைமேல் வைத்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்த பையன், காலை எட்டரைக்கு டாணென்று வந்து நிற்கிறான்.

கண்ணாடியே வாங்கவில்லை என்று யாரும் பழி சொல்லக் கூடாது. அரை டஜன் இருக்கிறது, உறை பிரிக்காமல், பீரோவில். அதிகாரி வரும் நாளில் உற்சவர் போல வெளியே எழுந்தருளும். துகள் தெறிக்கும் வேலைக்குத் தடுப்போ கண்ணாடியோ தர வேண்டும் என்றது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 35ஆவது பிரிவு. மின்சாரத்தில் ஓடும் இடமானால் பத்துப் பேர் இருந்தால்தான் தொழிற்சாலை என்றதும் அதே சட்டம். அய்யாவின் பதிவேட்டில் என்றுமே ஒன்பது பேர். சட்டத்தை இத்தனை ஊன்றிப் படித்த வக்கீல்கூடக் குறைவு.

கருவிழியில் துகள் ஏறிவிட்டால், பக்கத்து மெஷின்காரர் துணி நுனியால் எடுத்துவிடுவார். அப்படியும் வராத இரும்பு, ஒரு நாளில் துரு வளையம் போட்டுவிடும். அதைச் சுரண்டிவிடக் கண் ஆஸ்பத்திரிக்குப் போகும் அன்று சம்பளம் கிடையாது. வளையம் போய்விடும், நடுவில் விழுந்த தழும்பு போகாது.