நாய்க்கு ஒரு கட்டிங் மாஸ்டர்

டாண்டினாங், மெல்பர்ன்
தை மாசம்

மச்சானுக்கு,

இங்கே எல்லாரும் சௌக்கியம். அக்காவுக்கு முட்டிவலி எப்படி இருக்குதுன்னு எழுதுங்க. வாட்ஸ்அப்பில் பேசினால் போதாதா, இந்தக் காலத்தில் யார் கடுதாசி போடறாங்கன்னு மகள் கேட்கிறாள். போனில் இந்தச் சங்கதியைச் சொன்னால் நீங்க சிரிச்சுக்கிட்டே லைனைக் கட் பண்ணிருவீங்க. கடுதாசின்னா கடைசி வரைக்கும் படிச்சுத்தானே ஆகணும்?

சங்கதி இதுதான். கணியூரிலிருந்து போய் ஆயுசு பூராவும் திருப்பூரில் கட்டிங் டேபிளில் நின்ன உங்க மச்சினன், இப்போ மெல்பர்னில் நாய்க்குத் தலை சீவிக்கிட்டு இருக்கான். தலை மட்டுமில்லைங்க, வால், தொடை, கக்கம், காது மடல், அத்தனையும்.

நாய் பேர் பிஸ்கட். ஜாதி லாப்ரடூடுல். அப்பன் வழி பூடுல், ஆத்தா வழி லாப்ரடார். என்ன விலைன்னு எழுத மாட்டேன், ஒரு ஜோடி காங்கேயம் காளை பிடிக்கலாம்னு மட்டும் தெரிஞ்சுக்குங்க. அவ்வளவு குடுத்ததுக்கு மகளும் மாப்பிள்ளையும் சொல்ற காரணம் ஒண்ணே ஒண்ணு: "இதுக்கு முடி கொட்டாதுப்பா." வீடெல்லாம் கார்பெட். கார்பெட் சுத்தமா இருக்குமாம்.

கொட்டாதது வாஸ்தவம். ஆனா வளர்றது நிக்க மாட்டேங்குதே! நம்ம தோட்டத்து நாய்க்கு முடி ஒரு அளவுக்கு வளரும், நிக்கும், தானா உதிரும். சிப்பிப்பாறை, ராஜபாளையமெல்லாம் இன்னும் சௌகரியம், உடம்போடு ஒட்டின முடி. மழையில் நனைஞ்சா ஒரு உதறு, வேலை முடிஞ்சது. பூடுல் ரத்தம் கலந்ததுக்கு முடி வளர்ந்துக்கிட்டே இருக்கும். செத்த முடியும் தரைக்கு வராது. பக்கத்துச் சுருளில் மாட்டி, அதோடு இன்னொண்ணு மாட்டி, சடை பிடிச்சுப் போகும். கார்பெட்டில் விழ வேண்டிய முடி பூராவும் நாய் மேலேயே குடியிருக்குது. துடைப்பத்தில் முடிய வேண்டிய வேலை சீப்புக்கு மாறியிருக்குது, அவ்வளவுதான். துடைப்பம் பிடிக்க இங்கே ரோபோ இருக்குது. சீப்பு பிடிக்கத்தான் ஊரிலிருந்து மாமனாரை வரவழைச்சிருக்காங்க.

இந்த ஜாதி உருவானதே இதே மெல்பர்னில்தான் மச்சான். வாலி கான்ரன்னு ஒருத்தர், கண் தெரியாதவங்களுக்கு வழிகாட்டி நாய் பழக்கிக் குடுக்கிற சங்கத்தில் குட்டி வளர்ப்புக்குப் பொறுப்பா இருந்தவர். ஹவாய் தீவில் ஒரு அம்மாவுக்குக் கண் பார்வை இல்லை. வழிகாட்டி நாய் வேணும். வீட்டுக்காரருக்கோ நாய் முடின்னா அலர்ஜி. கான்ரன் முப்பதுக்கு மேலே பூடுலைப் பழக்கிப் பார்த்திருக்கார், ஒண்ணும் அந்த வேலைக்குத் தேறலை. கடைசியில் 1989-ல் லாப்ரடாரையும் பூடுலையும் சேர்த்துவிட்டார். மூணு குட்டி. மூணின் முடியையும் எச்சிலையும் ஹவாய்க்கு அனுப்பிச் சோதிச்சதில், ஒண்ணுக்கு மட்டும்தான் அந்த மனுசனுக்கு அலர்ஜி வரலை. சுல்தான்னு பேரு. மீதி ரெண்டும் கலப்புக் குட்டிங்கிறதால குட்டிக்காக வரிசையில் காத்திருந்தவங்க யாருக்கும் வேண்டாம். "லாப்ரடூடுல்"னு புதுசா ஒரு பேரை வச்சு விளம்பரம் பண்ணினதும் போன் மேலே போன். அதே துணி, லேபிளை மாத்தித் தைச்சதும் ஆர்டர் குவியறதை நாமும் திருப்பூரில் பார்க்காததா? அந்தக் கான்ரனே பின்னால, 2019-ல் ரேடியோவில், வாழ்க்கையில் தான் வருத்தப்படற காரியம் இதுதான்னு சொல்லிட்டார். கண்டவனும் கண்டதோடு சேர்த்து வித்துக் காசு பார்க்கறான்னு அவருக்கு ஆதங்கம். அது போக, அலர்ஜி வர்றது முடியால மட்டுமில்லை, எச்சிலும் தோல் செதிலும்தான் முக்கியமான காரணம். 2012-ல் நெதர்லாந்தில் சோதிச்சப்போ, அலர்ஜி தராதுன்னு விக்கிற ஜாதிகளோட முடியில் அந்தப் பொருள் குறைச்சலா இல்லை, சிலதில் கூடவே இருந்திருக்குது. இதை மாப்பிள்ளைகிட்ட நான் சொல்லலை. விலை குடுத்தாச்சு, இனி எதுக்கு அவர் மனசைக் கெடுக்கணும்?

இன்னொரு வேடிக்கை. ஒரே வயித்துக் குட்டிகள் ஒரே மாதிரி வராதாம். ஒண்ணு கம்பளிச் சுருளு, ஒண்ணு அலை அலையா, ஒண்ணு லாப்ரடார் மாதிரியே நேர்முடி. சுருளுக்கு ஒரு மரபணு, நீளத்துக்கு ஒண்ணு, மீசை புருவத்துக்கு ஒண்ணுன்னு மூணைத்தான் முக்கியமா 2009-ல் கண்டுபிடிச்சிருக்காங்க. எந்தக் குட்டிக்கு எது சேருதோ அது அதன் அதிர்ஷ்டம். ஒரே லாட்டில் இத்தனை வேரியேஷன் வந்தா நம்ம பையர் மொத்தத்தையும் ரிஜெக்ட் பண்ணுவான். இங்கே அதையே "ஒவ்வொண்ணும் தனி அழகு"ன்னு சொல்லி விக்கறாங்க. ஏற்றுமதி பண்ணினவன் எவனுக்கும் இந்த யோசனை வராமப் போச்சே!

பிஸ்கட்டுக்கு வாய்ச்சது கம்பளிச் சுருளு. குட்டி முடி போய்ப் பெரிய முடி வர்ற பருவம்தான் மோசமாம், ரெண்டும் ஒண்ணுக்குள்ளே ஒண்ணு சிக்கிக்கும். அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை அதைக் கடலுக்குக் கூட்டிட்டுப் போனார். உப்புத்தண்ணியும் மணலுமா வந்ததை, சீவாமலே ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டி, துண்டால் நல்லா தேச்சுத் துவட்டிவிட்டார். பாசம்தான், குத்தம் சொல்ல முடியாது. ஆனா ஈரமும் சோப்பும் உராய்வும் ஒண்ணு சேர்ந்தா மிருகத்து முடி என்ன ஆகும்னு பஞ்சு நூல்காரன் யோசிக்க வேண்டியதே இல்லை. பஞ்சு நாருக்குச் செதில் கிடையாது. கம்பளிக்கும் இந்த முடிக்கும் உண்டு. தேய்க்கத் தேய்க்க ஒண்ணோடொண்ணு கொக்கி போட்டு இறுகிப் போகும். ரெண்டு நாளில் நாய் மேலே நாய் வடிவத்தில் ஒரு கம்பளம்.

கடைக்குக் கூட்டிட்டுப் போனோம். உள்ளே நுழைஞ்சதும் ஒரு படிவத்தில் கையெழுத்து: சடை அதிகமா இருந்தா ஒட்ட வழிச்சிருவோம், அடியில் புண் தெரிஞ்சா அது ஏற்கெனவே இருந்ததுன்னு ஒத்துக்கணும். அந்தப் பொண்ணு மெஷினைப் போட்டாள். பிளேடுக்கெல்லாம் நம்பர் இருக்குது மச்சான். 7-ம் நம்பர் போட்டா மூணு மில்லிமீட்டர் முடி மிஞ்சும், 10-ம் நம்பர் போட்டா ஒண்ணரை. நம்ம நூல் கவுண்ட் கணக்கேதான், நம்பர் ஏற ஏற நைசு. அவள் பத்தாம் நம்பரைப் போட்டு வழிச்சப்போ முடி பொலபொலன்னு உதிரலை. முதுகு பூராவும் ஒரே பீஸா, பாடி பேனல் மாதிரி உரிஞ்சு வந்தது. கையில் வாங்கி விரலால் தடவிப் பார்த்தேன். துணின்னா எடை நானூறு ஜிஎஸ்எம்முக்குக் குறையாது. மகள் "அப்பா, கீழே போடுங்க"ன்னு அதட்டினாள். பில் நூத்தி நாப்பது டாலர், சடைக்குன்னு தனியா ஒரு தொகை. ஏழாயிரம் எட்டாயிரம் ரூபாய்னு மனசுக்குள்ளே பெருக்கிப் பார்த்தேன். நம்ம அங்காளம்மன் கிடாய் விலைங்க அது. இங்கே வெறும் முடியை எடுத்துட்டு நாயைத் திருப்பிக் குடுத்துடறாங்க.

வீட்டுக்கு வந்த பிஸ்கட்டைப் பக்கத்து வீட்டுப் பூனை அடையாளம் தெரியாமப் பார்த்தது. அன்னைக்கே சொல்லிட்டேன், இனி இந்த டிபார்ட்மென்ட் என்னுது.

எல்லாரும் மேலால பிரஷ் ஓட்டறாங்க. மேலே பூப்பூவா எழும்பி நிக்கும், அடியில் தோலை ஒட்டிச் சடை. நம்ம செக்கிங் அக்காமார் பனியனை உள்பக்கம் திருப்பிப் பார்க்காம பாஸ் பண்ணுவாங்களா? அதே கணக்கு. நாயைத் துணி காயப்போடற மேஜையில் நிக்க வச்சு, இடது கையால் முடியை மேலே தூக்கி, தோல் தெரியற மாதிரி வகிடு எடுக்கணும். அந்த வரிசையை மட்டும் நுனியிலிருந்து ஆரம்பிச்சு வேருக்கு வரணும். அது முடிஞ்சதும் அடுத்த வரிசையை இறக்கணும். கடைசியில் ஸ்டீல் சீப்பு. தோலிலிருந்து நுனி வரைக்கும் தடங்கலில்லாம வந்தா பாஸ். எங்கே உராய்வு உண்டோ அங்கேதான் சிக்கும்: கக்கம், காதுக்குப் பின்னால, கழுத்துப்பட்டை, பெல்ட் படற நெஞ்சு. பனியனில் உருண்டை உருண்டையா பில்லிங் வர்ற இடங்களும் கிட்டத்தட்ட இதேதான்! கோடைன்னா இங்கே புல்லு விதை வேறே. ஈட்டி மாதிரி ஒருபக்கமாவே நகர்ந்து விரலிடுக்கில் தோலுக்குள்ளே இறங்கிரும், டாக்டர்தான் கீறி எடுக்கணும். நெருஞ்சியாவது குத்தின இடத்திலேயே நிக்கும், பிடுங்கிப் போடலாம். அதனால நடந்துட்டு வந்ததும் நாலு காலையும் விரிச்சுப் பார்க்கறேன்.

முடி உதிராம வளர்ற விஷயத்தில் செம்மறிக்கும் இதே கதைதானுங்க. காட்டுச் செம்மறிக்கு வருசா வருசம் கம்பளி தானா உதிரும். கம்பளி கையை விட்டுப் போகக்கூடாதுன்னு மனுசன் பார்த்துப் பார்த்துச் சேர்த்து, உதிராத ஆட்டை உண்டாக்கிட்டான். அதிலிருந்து வருசா வருசம் கத்தரி பிடிக்க வேண்டியது அவன் தலையெழுத்து. 2015-ல் கான்பெரா பக்கம் மந்தையை விட்டுத் தப்பி, பல வருசம் கத்தரிக்காம அலைஞ்ச ஒரு ஆட்டைப் பிடிச்சாங்க. கிறிஸ்னு பேர் வச்சாங்க. நடக்கவே முடியாம இருந்ததாம். கத்தரிச்சதில் 41 கிலோ. நம்ம பக்கத்துக் குறும்பை ஆடு ஒண்ணோட மொத்த எடையே அதுக்குள்ளே அடங்கிரும்னு நினைக்கறேன்.

பிஸ்கட் இப்போ பளிச்சுன்னு இருக்குது. அதைப் பார்த்துட்டு பக்கத்து வீட்டு கிரேக்கப் பாட்டி தன்னோட கவூடுலைக் கொண்டாந்து நிறுத்திட்டாங்க. அதுவும் பூடுல் கலப்புத்தான், கொஞ்சம் குட்டை. சீவி முடிச்சதும் இருபது டாலரை நீட்டினாங்க. மகள் ஓடி வந்து தடுத்தாள்: "அப்பா, நீங்க விசிட்டர் விசா. கூலிக்கு வேலை பார்க்கக்கூடாது. திருப்பி அனுப்பிருவாங்க." பாட்டிக்குப் புரிஞ்சது. அடுத்த நாள் மரத்திலிருந்து ஒரு பை நிறைய எலுமிச்சம்பழம் பறிச்சு வாசலில் வச்சுட்டுப் போயிட்டாங்க. எலுமிச்சம்பழம் கூலியில் சேருமான்னு மாப்பிள்ளை இன்னும் கம்ப்யூட்டரில் தேடிக்கிட்டு இருக்கார். அவர் தேடி முடிக்கிறதுக்குள்ளே ஊறுகாய் போட்டாச்சு.

அக்காகிட்ட கேட்டு, எலுமிச்சை ஊறுகாய்க்கு வெந்தயம் வறுத்துப் போடறதா, பச்சையா அரைக்கறதான்னு சொல்லுங்க. அமராவதியில் தண்ணி விட்டாங்களா, கரும்பு எப்படி இருக்குதுன்னும் எழுதுங்க. அப்புறம் ஒரு உபகாரம். என் பெட்டியில் பிசிறு வெட்டற சின்னக் கத்தரி ரெண்டு இருக்கும், பெரியவன் வரும்போது குடுத்தனுப்புங்க. செக்-இன் பெட்டியில் வைக்கச் சொல்லுங்க, கையில் வச்சா ஏர்போர்ட்டில் பிடுங்கிப் போடுவாங்க. கண்ணோரம் வெட்ட இங்கே விக்கிற கத்தரி எல்லாம் என் கைக்கு ஒத்து வரலை.

இப்படிக்கு,
உங்கள் மச்சினன்