நியூயார்க் மாநகராட்சிக்கு ஒரு பாராட்டு மகஜர்

நியூயார்க் மாநகராட்சியின் பூங்காத் துறைக்கும் நகரத் திட்டமிடல் துறைக்கும், பேட்டைத் திடல்களில் பேஸ்பால் ஆடி வளர்ந்தவர்கள் சார்பில் பணிவுடன் சமர்ப்பிக்கப்படுவது:

ஒரு விளையாட்டை என்றென்றும் போற்ற வேண்டுமானால் அது ஆடப்படும் மண்ணை முதலில் அப்புறப்படுத்திவிட வேண்டும் என்ற உண்மையை இந்நகரம் அளவுக்கு ஆழ்ந்து உணர்ந்த நகரம் வேறில்லை. பேஸ்பால் என்பது, பக்கத்துக்கு 90 அடி வீதம் முனையில் நிறுத்திய சதுரம் ஒன்றின் நான்கு மூலைகளையும், அதாவது ‘பேஸ்’ எனப்படும் தங்கிடங்களை, மட்டையாளர் சுற்றி ஓடிவரும் ஆட்டம்; சதுரத்துக்கு அப்பால் பந்து பறந்து விழப் பரந்த புல்வெளியும் வேண்டும் என்பதால், நிலத்தைச் சதுர அடிக் கணக்கில் விற்கும் ஊரில் இத்தகைய ஆட்டம் வேரூன்றியதே அதன் முதல் குற்றமாகக் கருதப்பட வேண்டும்.

அக்குற்றத்துக்கான தண்டனை ஆட்டத்தின் மழலைப் பருவத்திலேயே தொடங்கிவிட்டது. மன்ஹாட்டனின் காலிமனைகளில் ஆடிவந்த நிக்கர்பாக்கர் சங்கத்தார் 1845இல் விதிகளை எழுத்தில் வடித்தனர். ஆனால் வீடுகள் வடக்கு நோக்கி ஏறிவர, மட்டையும் பந்துமாக ஹட்சன் ஆற்றைக் கடந்து ஹோபோக்கனின் எலிசியன் ஃபீல்ட்ஸ் என்னும் திடலுக்குக் குடிபெயர்ந்தனர். அங்கே 1846 ஜூன் 19 அன்று நடந்த பெயர்பெற்ற ஆட்டத்தில், விதி எழுதியவர்களே 23க்கு 1 என்று தோற்றனர். அத்திடலிலும் பின்னாளில் காபித் தொழிற்சாலை எழுந்தது. தொழிற்சாலை மூடப்பட்டபின் அடுக்குமாடிகள் வந்தன. ஆகவே இவ்விளையாட்டின் வரலாற்றை முதல் ஆட்டத்திலிருந்து தொடங்கும் ஆசிரியர்கள் தவறு செய்கிறார்கள். முதல் வெளியேற்றத்திலிருந்து தொடங்குவதே முறை.

திடல் இழந்த பிள்ளைகள் தெருவுக்கு வந்தார்கள். துடைப்பக் கட்டையே மட்டையாகவும், இளஞ்சிவப்பு ரப்பர் பந்தே பந்தாகவும் ஆடப்பட்ட ‘ஸ்டிக்பால்’ என்னும் இத்தெரு வடிவத்தில், நடுத்தெருவின் இரும்புச் சாக்கடை மூடி மட்டையாளர் நிற்கும் இடமாயிற்று, ஓரத்தில் நின்ற காரின் கைப்பிடி முதல் பேஸ் ஆயிற்று, அடியின் வலிமையோ அடிக்கணக்கில் அல்லாமல் பந்து எத்தனை சாக்கடை மூடிகளைத் தாண்டியது என்று அளக்கப்பட்டது. நகரின் பெரிய அணியொன்றுக்கு ஆடிக்கொண்டிருந்தபோதே, ஹார்லெம் தெருக்களில் சிறுவர்களோடு துடைப்பக் கட்டை பிடித்தவர் வில்லி மேஸ். மாநகராட்சி தன் கழிவுநீர் அமைப்பை இவ்வளவு தாராளமாக விளையாட்டுக்கு வழங்கியதற்குரிய நன்றி இதுவரை எழுத்தில் பதிவாகவில்லை என்பதால் இம்மகஜர் அக்குறையைப் போக்குகிறது.

பெரிய திடல்களும் இக்கருணைக்கு விலக்காகவில்லை. 1947இல் கறுப்பின வீரர்களை ஒதுக்கிவைத்த நிறவேலியைத் தகர்த்து ஜாக்கி ராபின்சன் ‘மேஜர் லீக்’ எனப்படும் உயர்நிலைத் தொடரில் களமிறங்கிய புரூக்ளினின் எபெட்ஸ் ஃபீல்டு, 1957 பருவத்தோடு அவர் ஆடிய அணி லாஸ் ஏஞ்சலஸ் போய்விட, 1960 பிப்ரவரியில் இடிக்கப்பட்டது. இடித்த இரும்புக் குண்டுக்கு வெள்ளையடித்து, சிவப்புத் தையல் வரைந்து, பேஸ்பால் போலவே அலங்கரித்திருந்தார்கள். கொலைவாளில் பலியாளின் உருவத்தைப் பொறிக்கும் இந்நயம் வேறெங்கும் காணக் கிடைப்பதன்று. அங்கே எழுந்த அடுக்குமாடிகளில் பந்து விளையாடத் தடை என்று அறிவிப்பு வைக்கப்பட்டது, தனியார் கட்டுநரின் கற்பனைதான் என்றாலும் நகரத்தின் ஆன்மாவை நன்கு அறிந்த கற்பனை.

எனினும் துறைகளின் தலைசிறந்த சாதனை தெற்கு பிராங்க்ஸில் உள்ளது. சட்டத்தின்படி பூங்கா நிலம் மக்களுக்காக நம்பிக்கைப் பொறுப்பில் வைக்கப்பட்டது. அதை வேறு பயனுக்கு மாற்ற மாநிலச் சட்டமன்றத்தின் ஒப்புதல் வேண்டும், இதையே சட்டத்தார் பூங்கா நிலத்தைப் ‘பராதீனப்படுத்துதல்’ என்பர். 2005இல் அவ்வொப்புதல் பெறப்பட்டு, 2006 ஆகஸ்டில் பேட்டைப் பிள்ளைகள் ஆடிய மேக்கம்ப்ஸ் டேம் பூங்காவின் மீது பணி தொடங்கியது. கட்டப்பட்டதோ பேஸ்பால் அரங்கம்தான். பேஸ்பாலுக்கு இடம் வேண்டிப் பேஸ்பால் திடல் எடுக்கப்பட்டது என்பதால், நிலம் பறிபோனது என்று எவரும் முறையிட நியாயமில்லை. ஆடியவர்கள் சீட்டு வாங்கிப் பார்ப்பவர்களாகப் பதவி உயர்ந்தார்கள், அவ்வளவே. யாங்கீஸ் அணியின் அப்புதிய அரங்கம் 2009இல் திறக்கப்பட்டது. ஈடாக அளிக்கப்பட்ட ஓடுபாதை கார் நிறுத்தக் கட்டடத்தின் கூரையில் அமைந்தது. அதே அணியின் பழைய அரங்கம் இடிபட்ட மனையில் பேட்டைத் திடல்கள் 2012இல்தான் வந்தன. அங்கே பழைய களத்தின் கோடுகள் நீல இழைகளால் புல்லிலேயே தைத்துக் காட்டப்பட்டிருக்கின்றன. எனவே நினைவுக்குக் குறைவில்லை. 2006இல் பத்து வயதாயிருந்த பிள்ளைக்குத் திடல் வந்தபோது பதினாறு ஆகியிருக்கும். திடல் வரும்வரை பிள்ளைகள் வளர்வதை ஒத்திவைக்கும் தீர்மானமொன்றை நிறைவேற்றத் துறையினர் மறந்தது ஒன்றே இம்மகஜர் சுட்டத்தக்க குறை.

இனி வேண்டுகோள். திடலை முதலில் எடுத்து, பல ஆண்டு கழித்து நினைவுப் பலகை வைப்பதால் காலமும் பணமும் வீணாகின்றன. ஆகவே எஞ்சியுள்ள திடல்கள் யாவற்றிலும், ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே, இங்கே முன்பு பேஸ்பால் ஆடப்பட்டது என்னும் பலகையை நட்டுவிடலாம். அதன் மறுபக்கத்தில் பந்து விளையாடத் தடை என்றும் எழுதிவிட்டால் ஒரே கம்பத்தில் இரு துறைகளின் வேலையும் முடியும். கம்பத்தை மட்டும் திடலின் மூலையில் நட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளப்படுகிறது; அன்று மாலையே பிள்ளைகள் அதை முதல் பேஸாக வைத்துக்கொண்டு ஆடத் தொடங்கிவிடுவார்கள்.