புளிப்பைப் பெத்தவன்

ஆக்சைடுன்னா ‘ஆக்சிஜன் சேர்ந்த பொருள்’னு கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்கிறியே பேராண்டி, அந்தப் பேரு எங்கேர்ந்து வந்துச்சுன்னா மட்டும் தலையைச் சொறியிற. உட்காரு.

பிரான்சுல லவாய்சியேன்னு ஒரு மகா கெட்டிக்காரர். கந்தகத்தை எரிச்சாரு, வந்ததைத் தண்ணியில கலந்தாரு, புளிப்பு. பாஸ்பரஸ், புளிப்பு. கரியும் லேசாப் புளிப்பு. ஒரு பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதம். இவரு மூணு சோறு நசுக்கிட்டாரே, விடுவாரா? காத்துல இருந்து வந்து சேர்ற ஆசாமிதான் எல்லாப் புளிப்புக்கும் காரணம்னு முடிவு கட்டி, ‘புளிப்பைப் பெத்தவன்’னு கிரேக்கத்துல பேரு வச்சாரு. அதான் ஆக்சிஜன்.

அப்போ இரும்புத் துருவுக்கு ‘செவ்வாயின் குங்குமப்பூ’ன்னு பேரு. துத்தநாகத்தை எரிச்சா வர்ற வெள்ளைத் தூளு ‘துத்தநாகப் பூ’. இந்தக் கூத்தை ஒழிக்க 1787-ல நாலு பேரு கூடிப் பேர்ப்பட்டியல் போட்டாங்க. அதுல ஒருத்தர் கித்தோன் த மோர்வோ. பேருலயே மோர் இருக்கு, புளிக்காம என்ன செய்யும்? ஆக்சிஜன்ல தலையையும் ஆசிட்ல வாலையும் வெட்டி ஒட்டுனாங்க; ஆக்சைடு ரெடி. ஆக்சிஜன் ஏறியிருக்கு, புளிக்கிற அளவுக்கு ஏறலைன்னு அர்த்தம். அந்த வாலு அப்புறம் தனியாக் கிளம்பி குளோரைடு, சல்பைடுன்னு ஊர் மேயுது.

அப்புறம் இங்கிலாந்துல டேவின்னு ஒரு வேதியியல்காரர் வந்தாரு. 1808-ல சுண்ணாம்புக்குள்ள இருந்து கால்சியத்தைப் பிரிச்சாரு. சுட்ட சுண்ணாம்பும் ஆக்சைடுதான்டா! அதுல தண்ணி ஊத்திப் பாரு: உஸ்ஸுன்னு சீறும், ஆவி கக்கும், கல்லு பொலபொலன்னு மாவா உதிரும். ஒரு சிட்டிகை மஞ்சளைப் போடு, ரத்தமாச் செவக்கும். காரம்! புளிப்புக்குப் பரம விரோதி. 1810-ல அதைவிடப் பெரிய அடி: உப்புல இருந்து எடுக்கிற அமிலத்துல ஆக்சிஜனே கிடையாது; இருக்கிறது ஹைட்ரஜனும் குளோரினும்தான்னாரு.

பேரை மாத்துனாங்களா? எங்க! பேரு வச்ச லவாய்சியே தலையை 1794-லேயே கில்லட்டின்ல வெட்டியாச்சு. வச்ச பேரு மட்டும் இன்னும் தலை நிமிர்ந்து நிக்குது.

இதை ஏன் சொல்றேன்? புது வாத்தியாருக்கு ரெண்டே நாள்ல ‘சிடுமூஞ்சி’ன்னு பட்டப்பேரு வச்சிட்டியாமே. தாராளமா வை, லவாய்சியே மாதிரி பெரிய ஆளா வருவே. ஆனா அவரும் உனக்கு ஒரு பேரு வைப்பாரு, பரீட்சைத் தாள்ல, சிவப்பு மையில. அதைத் திருத்த எந்த டேவியும் வரமாட்டான்.