17 கொண்டை ஊசி, ஒரு 'ராஜா ஹிட்ஸ்'

ஈகிள்ஸ் என்றொரு அமெரிக்கப் பாட்டுக் குழு. 1976இல் தங்கள் பாட்டுகளில் பத்தைப் பொறுக்கி 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' என்று ஓர் இசைத்தட்டு போட்டார்கள். அமெரிக்காவில் மட்டும் அதற்கு 3 கோடியே 80 லட்சம் பிரதிக்கு மேல் கணக்கு சொல்கிறார்கள். அதே 1976இல்தான் இங்கே இளையராஜாவின் முதல் படம் 'அன்னக்கிளி' வந்தது. அப்புறம் அவர் ஆயிரம் படத்தைத் தாண்டிவிட்டார். அதிலிருந்து பத்தே பத்துப் பாட்டைப் பொறுக்குங்கள் என்று மலைமேல் எங்கள் சின்னக்கானல் தோட்ட லயத்தில் வந்து யாராவது சொல்லிப் பார்க்கட்டும். பொழுது சாய்வதற்குள் பஞ்சாயத்து கூடிவிடும்.

எங்கள் பக்கத்து கிரேட்டஸ்ட் ஹிட்ஸை எந்தக் கம்பெனியும் போடவில்லை. ஜீப்பு டிரைவர்கள் போட்டது. போடியிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு விடிகாலையில் மலையேறுகிற ஜீப்புகள் அவை. முந்தலுக்கு மேலே போடிமெட்டு வரைக்கும் 17 கொண்டை ஊசி வளைவு. தூக்குவாளி மடியில், பக்கத்துப் பெரியம்மாவின் முழங்கை விலாவில், ராஜா காதில். பாட்டு வரிசையெல்லாம் ரோட்டைப் பார்த்துத்தான். ஏற்றத்தில் வண்டி முக்கி முனகும்போது எஸ்.பி.பி.யும் ஜானகியும் நிதானமாகப் பாடலாம். இறக்கத்தில் சோகப் பாட்டு போடுகிற டிரைவரை யாரும் நம்புவதில்லை. அவனுக்கு வீட்டில் ஏதோ பிரச்சினை என்று அர்த்தம்.

கேசட் காலத்தில் இதெல்லாம் பெரிய காரியம். துண்டுச் சீட்டில் பாட்டுப் பட்டியல் எழுதிக்கொண்டு மலையிறங்கி, ரெக்கார்டிங் கடையில் கொடுத்துவிட்டு, அடுத்த சம்பளத்தன்று போய் வாங்க வேண்டும். அறுபது நிமிடக் கேசட்டில் ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிடம். ஆறு பாட்டு முழுசாக ஏறும். ஏழாவது பாட்டு இரண்டாவது சரணத்தின் நடுவிலேயே 'டக்'கென்று நின்றுவிடும். என் சித்தப்பா இன்றைக்கும் கல்யாண வீட்டில் மைக்கைப் பிடித்தால் அந்த இடத்தில்தான் நிறுத்துவார். மிச்சமும் பாடுங்க சித்தப்பா என்றால், "மிச்சம் ஏதுடா? பாட்டே அவ்வளவுதான்" என்பார். இன்னொரு பக்கத்தில் இடம் மீந்துபோனால் கடைக்காரர் தன் இஷ்டத்துக்கு ஓர் ஐயப்பன் பாட்டை ஏற்றிவிடுவார். காதல் பாட்டுக் கேசட் சரணம் சொல்லி முடிவது எங்கள் ஊரில் சகஜம்.

இப்போது பென்டிரைவ். 'ராஜா ஹிட்ஸ் 1000' என்று பெயர். அதற்குள் 'செந்தூரப்பூவே' படப் பாட்டு இருக்கும். அது மனோஜ் கியான் இசை. 'ஒரு தலை ராகம்' இருக்கும், அது டி.ராஜேந்தர். தானே எழுதி, தானே மெட்டுப் போட்ட மனிதரின் பாட்டைத் தூக்கி இன்னொருவர் கணக்கில் வைக்கலாமா என்று டிரைவரிடம் கேட்டேன். "பாட்டு நல்லாருக்குல்ல? அப்ப ராஜாதாண்ணே" என்றார். ராஜா பாவம், தன் பாட்டுக்கு உரிமை கேட்டுக் கோர்ட்டுப் படியேறுகிறார். நாங்களோ அடுத்தவர் பாட்டையும் அவர் பெயருக்கு இனாமாக எழுதிவைத்துக்கொண்டிருக்கிறோம்.

டீக்கடைச் சேட்டன் கட்சி வேறு. 1982இல் வந்த மலையாள 'ஓளங்கள்' படப் பாட்டுக்கு மேல் ராஜா ஒன்றும் செய்யவில்லை என்பது அவர் தீர்ப்பு. அந்த மெட்டே 2009இல் இந்தி 'பா' படத்துக்குப் போனதைச் சாட்சிக்குக் கூப்பிடுவார். என் மதினியோ, ராஜா தன் குரலில் பாடியது மட்டும்தான் கணக்கு என்பார். 'இதயக்கோவில்' படத்தில் பாட்டும் அவரே எழுதியிருக்கிறாரே என்று எடுத்துக்கொடுத்தால், "அதான் சொல்றேன், மத்தவங்க எதுக்கு?" என்று வைரமுத்து, வாலி எல்லாரையும் ஒரே வீச்சில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

எல்லாரையும் மடக்குகிற ஆள் லயத்துக் கடைசி வீட்டுத் தாத்தா. 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் கட்சிக்காக ரோசம்மா புன்னூஸ் நின்றார், ஜெயித்தார். அவருக்காக மலையெல்லாம் பாடிப் பிரச்சாரம் செய்தவர் பாவலர் வரதராசன், ராஜாவின் அண்ணன். பண்ணைப்புரம் எங்கள் மலைக்கு அடிவாரத்து ஊர்தானே. அந்த அண்ணனின் குழுவில்தான் ராஜா மேடையில் தேறியது. அன்றைக்குக் கேட்டதுதான் ஹிட்டு, இப்போது நீங்கள் கேட்பதெல்லாம் மிச்சம் மீதி என்பார் தாத்தா. மறுத்துப் பேச முடியாது. அந்தப் பாட்டை யாரும் பதிவு செய்யவில்லை. கேட்டவர்களில் வாதாட மிஞ்சியிருப்பதும் அவர் ஒருவர்தான்.

ராஜா பித்து மனிதர்களோடு நிற்கவில்லை. ரேஷன் கடையை உடைத்து அரிசி தின்ற எங்கள் காட்டு யானை அரிக்கொம்பனை 2023 ஏப்ரலில் சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். ஒரு மாதத்துக்குள் அது நடந்தே கம்பம் ஊருக்குள் இறங்கிவிட்டது. தமிழ்நாட்டு வனத்துறை மறுபடி பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனது. பண்ணைப்புரத்தைப் பார்க்கத்தான் அது கிளம்பியிருக்கும் என்று எங்கள் டிரைவர்கள் சத்தியம் செய்கிறார்கள்.

அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அண்ணன்மாரே, ஆனையிறங்கல் பக்கம் யானை நிற்பது தெரிந்தால் தயவுசெய்து பாட்டை நிறுத்திவிடுங்கள். ராஜா பாட்டு பிடிக்காத யானையாக இருக்காது. ஆனால் எந்தப் பாட்டு பிடிக்கும் என்று அதனிடம் கேட்டு மாற்றிப் போட நேரம் இருக்காது.